வளவுக்குள் ஒரு வயர்: கேம் கன்ட்ரோலர் வாங்கி நான் பட்ட பாடு

நான் சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை செய்கிறேன். வீடு காரைக்குடிக்கும் கானாடுகாத்தானுக்கும் இடையில் இருக்கும் ஒரு சிற்றூரில், ஐயா (தாத்தா) காலத்துக்கும் முன்பு கட்டப்பட்டது. முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய கூடமும்), இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று அடுத்த தெருவரைக்கும் நீளும் அந்த வீட்டில் இப்போது நிரந்தரமாக இருப்பது நானும் அப்பத்தாவும் மட்டும்தான். வளவை ஒட்டிய அறைகளில் ஒன்று எங்கள் பங்கு. என் மேசைக் கணினி அங்கே இருக்கிறது. பெரிய தொலைக்காட்சி வளவுப் பத்தியில், தூண்களுக்கு நடுவே, அப்பத்தா உட்காருவதற்கு வசதியாக வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டுக்கும் இடையில் 10 மீட்டர் ஹெச்டிஎம்ஐ வயரை அறைக்கதவின் வழியாக இழுத்து, வேலை முடிந்த இரவுகளில் கணினி விளையாட்டுகளைப் பெரிய திரையில் ஆடலாம் என்று சென்ற ஐப்பசியில் முடிவு செய்தேன். கையில் பிடித்து ஆட ஒரு கன்ட்ரோலர் மட்டும் வாங்கினால் போதும் என்று நினைத்தேன். தை மாதம் பிறக்கும்வரை அது முடியவில்லை. ஏறக்குறைய மூன்று மாதங்களும் 11,750 ரூபாயும் போயின. எதற்காகப் போயின என்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் தேடியபோது எனக்குக் கிடைத்த அறிவுரைகள் எல்லாம் "வேகம் வேண்டுமா, வயர் வாங்கு, வசதி வேண்டுமா, வயர்லெஸ் வாங்கு" என்ற ஒற்றை வரியோடு நின்றுவிட்டன.

முதல் தவறு கஞ்சத்தனம். இணையத்தில் 1,150 ரூபாய்க்கு ஒரு புளூடூத் கன்ட்ரோலர் கிடைத்தது. கணினி, கைபேசி, தொலைக்காட்சி என எல்லாவற்றிலும் வேலை செய்யும் என்று அட்டையில் படம் போட்டிருந்தார்கள். மேசைக் கணினியில் புளூடூத் கிடையாது என்பதால் 450 ரூபாய்க்குக் யூஎஸ்பி துளையில் செருகும், கட்டைவிரல் நகம் அளவுள்ள ஒரு புளூடூத் டாங்கிளையும் சேர்த்து வாங்கினேன். விண்டோஸ் அந்தக் கன்ட்ரோலரைக் கண்டுகொண்டது, பெயரைக் காட்டியது, இணைந்துவிட்டது என்றும் சொன்னது. விளையாட்டைத் திறந்தால் ஒரு பொத்தானும் அசையவில்லை. வேலைப் பளுவில் ஒரு வாரம் அதை அப்படியே விட்டுவிட்டு, பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான் விவரம் தெரிந்தது. கணினிக்குக் கன்ட்ரோலரின் அசைவுகளைச் சொல்வதற்கு இரண்டு முறைகள் இருக்கின்றன. பழையது டைரக்ட்இன்புட். மற்றொன்று 2005-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரோடு வந்த எக்ஸ்இன்புட். அதற்குப் பின் வந்த விளையாட்டுகளில் பெரும்பாலானவை எக்ஸ்இன்புட்டை எதிர்பார்த்தே எழுதப்பட்டவை. நான் வாங்கியது கணினியோடு பழைய முறையில் மட்டுமே பேசியது. விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் வழியாகத் திறக்கும் விளையாட்டுகளில் ஸ்டீமே நடுவில் நின்று மொழிபெயர்த்துவிடும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது, ஆனால் நான் ஆட விரும்பிய கால்பந்து விளையாட்டு வேறு இடத்தில் வாங்கியது. திருப்பி அனுப்பலாம் என்று பார்த்தால் ஏழு நாள் அவகாசம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அந்த விற்பனையாளரோடு எழுதிச் சண்டை போட்டுப் பார்த்தேன், பயனில்லை. வயரா வயர்லெஸ்ஸா என்று யோசிப்பதற்கு முன்பே எக்ஸ்இன்புட் என்ற சொல் பெட்டியின் மீதோ விவரக் குறிப்பிலோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், வந்த பொருளை வந்த அன்றே நீங்கள் ஆடப்போகும் விளையாட்டிலேயே சோதித்தும் விடுங்கள். அந்தக் கன்ட்ரோலர் இப்போது பக்கத்து வீட்டுப் பையனின் கைபேசியோடு சுகமாக இருக்கிறது.

கஞ்சத்தனத்துக்குத் தண்டனை கிடைத்ததும் மறுபக்கம் சாய்ந்தேன். சென்னையில் இருக்கும் நண்பரிடம் சொல்லி, மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒரு கடையில் பெயர் பெற்ற நிறுவனத்தின் வயர்லெஸ் கன்ட்ரோலரை 5,500 ரூபாய்க்கு வாங்கி அனுப்பச் சொன்னேன். இடையில் பழைய எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலரைக் பழைய பொருள் விலைக்கு வாங்கலாமா என்றும் யோசித்தேன், வாங்காமல் இருந்தது நல்லதாகப் போயிற்று. 2013-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன்னோடு வந்த கன்ட்ரோலர்களில் புளூடூத்தே கிடையாது. அவற்றுக்கு மைக்ரோசாஃப்டின் தனி அடாப்டர் வேண்டும். 2016-இல் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸோடு வந்தவற்றில்தான் புளூடூத் சேர்ந்தது. அடையாளம் காண்பது எளிது. நடுவில் உள்ள வட்டப் பொத்தானைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக், முன்முகத்தின் பிளாஸ்டிக்கோடு ஒரே துண்டாக இருந்தால் புளூடூத் உண்டு. மேல் பொத்தான்களோடு சேர்ந்த தனித் துண்டாக இருந்தால் இல்லை. பழைய பொருள் வாங்குகிறவர்கள் புகைப்படத்திலேயே இதைப் பார்த்துக்கொள்ளலாம்.

புதிய கன்ட்ரோலர் கையில் பொருந்திய விதத்தில் முதல் பத்து நிமிடம் மகிழ்ச்சியில் போயிற்று. பதினோராவது நிமிடம் என் ஆட்டக்காரன் பந்தோடு மைதானத்தின் எல்லையைத் தாண்டி நேராக ஓடிக்கொண்டே இருந்தான். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் அசைக்கும் குச்சியை நான் விட்டுவிட்டேன், அவன் விடவில்லை. இரண்டு நொடி கழித்துத் தொடர்பு அறுந்தது என்ற செய்தி திரையில் வந்தது. மீண்டும் இணைத்தால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இதே கதை. இது தவிர, தொடர்பு நன்றாக இருக்கும்போதும் பொத்தானை அழுத்துவதற்கும் திரையில் உதைப்பதற்கும் நடுவே ஓர் இழுவை தெரிந்தது. சேற்றில் நடப்பதைப் போன்ற உணர்வு. இந்த இரண்டும் வெவ்வேறு நோய்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுதி, "வயர்லெஸ் என்றாலே இப்படித்தான்" என்று முடிவு கட்டினேன். பின்னால் நடந்த அத்தனை செலவுக்கும் அந்த அவசர முடிவுதான் வித்து.

கணினிக்குள் செய்ய வேண்டியவை என்று படித்ததையெல்லாம் செய்தேன். விண்டோஸின் டிவைஸ் மேனேஜரில் புளூடூத் டாங்கிளுக்கான பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிப்பதற்காகக் கணினி அதை அணைத்துவிடலாம் என்ற அனுமதிக் குறி போடப்பட்டிருந்தது. அதை நீக்கினேன். சிறிது நேரம் சும்மா இருந்தால் கன்ட்ரோலர் காணாமல் போகும் பழக்கம் அதோடு நின்றது, ஆட்டத்தின் நடுவில் அறுவது நிற்கவில்லை. கன்ட்ரோலரின் உள்மென்பொருளைப் புதுப்பித்தேன். பேட்டரி மாற்றினேன். மூன்று வாரம் இப்படிப் போன பிறகு, பொருளே பழுது என்ற உறுதியோடு ஒரு நாள் விடுப்புப் போட்டு, விடியற்காலைப் பல்லவன் ரயிலில் ஏறிச் சென்னைக்குப் போனேன். ரயில், ஆட்டோ, சாப்பாடு எல்லாம் சேர்த்து 900 ரூபாய். கடைக்காரர் என் கன்ட்ரோலரைத் தன் மடிக்கணினியோடு இணைத்து, கையில் கொடுத்து, "தம்பி, கடைய ஒரு சுத்து சுத்திட்டு வாங்க" என்றார். கூட்டம் நெரியும் அந்தக் கடையின் மறுமுனைக்குப் போய் நின்று ஆடினேன். ஒரு முறைகூட அறவில்லை, இழுவையும் இல்லை. எனக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த இடத்தில் நிதானமாக "அப்படியானால் என் வீட்டில் என்ன வேறுபடுகிறது" என்று கேட்டிருக்க வேண்டும். வெறுங்கையோடு திரும்ப மனம் வராமல், 1,900 ரூபாய்க்கு ஒரு வயர் கன்ட்ரோலரை வாங்கிக்கொண்டு இரவு ரயிலில் ஏறினேன். பழுது என்று சந்தேகப்படும் பொருளை இன்னொரு கணினியில் சோதித்துப் பார்ப்பதற்கு 400 கிலோமீட்டர் போக வேண்டியதில்லை. உள்ளூரில் யாராவது ஒருவரிடம் மடிக்கணினி இருக்கும். என் அலுவலக மடிக்கணினியே அலமாரியில் இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

வயர் கன்ட்ரோலரின் வயர் 3 மீட்டர். அறைக்குள் இருக்கும் கணினியிலிருந்து வளவில் நான் உட்காரும் இடம் 7 மீட்டருக்கு மேல். காரைக்குடி செக்காலைப் பக்கத்துக் கடையொன்றில் 350 ரூபாய்க்கு 10 மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் வாங்கினேன். செருகினால் கணினி சில சமயம் "அறியாத சாதனம்" என்றது, சில சமயம் ஒன்றுமே சொல்லவில்லை. யூஎஸ்பி 2.0-இல் ஒரு வயரின் நீளத்துக்கு 5 மீட்டர்தான் எல்லை. அதற்கு மேல் போக வேண்டுமானால் நடுவில் சிக்னலைப் புதுப்பித்து அனுப்பும் சில்லு உள்ள வயர் வேண்டும். அதன் விலை வேறு. நான் வாங்கியது வெறும் செம்பு. கடைக்காரர் பாவம், கேட்டதைக் கொடுத்தார். இதை முன்கூட்டியே அறிந்திருந்தால் அந்த 350 ரூபாய் மிச்சமாகியிருக்கும். வயர் கன்ட்ரோலர் வாங்குகிறவர்கள் முதலில் நூல் பிடித்து அளக்க வேண்டும்: உட்காரும் இடத்திலிருந்து கணினியின் பின்புறம்வரை, தரையோடு, மூலைகளைச் சுற்றி. கண்ணால் பார்க்கும் தூரத்தைவிட அது எப்போதும் கூடுதலாகவே இருக்கும்.

பிடிவாதம் விடவில்லை. கணினிப் பெட்டியையே தூக்கி வந்து, தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு பெஞ்சின் மேல் வைத்து, வயர் கன்ட்ரோலரை நேரடியாகச் செருகினேன். தொடர்பு அறுவது அடியோடு நின்றது. ஆனால் அந்தச் சேற்று நடை அப்படியே இருந்தது. அன்றிரவு எனக்கு வந்த சோர்வை எழுத்தில் சொல்ல முடியாது. வயரிலும் இழுவை இருக்கிறதென்றால் இத்தனை நாள் நான் பழிசொல்லிக்கொண்டிருந்த காற்றலைக்கு இதில் பங்கில்லை என்றுதானே பொருள்? கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 60 சட்டங்கள் (ஃபிரேம்கள்) ஓடும் விளையாட்டில் ஒரு சட்டம் திரையில் நிற்பது ஏறக்குறைய 16.7 மில்லி நொடி. நொடிக்கு 125 முறை கணினியிடம் தகவல் சொல்லும் வயர் கன்ட்ரோலர் 8 மில்லி நொடிக்கு ஒரு முறை பேசுகிறது. 1,000 முறை சொல்வது ஒரு மில்லி நொடிக்கு ஒரு முறை. நல்ல புளூடூத் கன்ட்ரோலர் இதைவிடச் சில மில்லி நொடிகள் பின்தங்கலாம். இவையெல்லாம் ஒரு சட்டத்தைச் சுற்றியே விளையாடும் எண்கள். கைக்கு அப்பட்டமாகத் தெரியும் இழுவை இவ்வளவு சிறிய எண்ணிலிருந்து வர முடியாது. பிறகு கணினியை என் மேசைத் திரையில் இணைத்துப் பார்த்தேன், இழுவை மறைந்தது. குற்றவாளி தொலைக்காட்சி. படத்தை அழகுபடுத்துவதற்காகத் தொலைக்காட்சிகள் ஒவ்வொரு சட்டத்தையும் தமக்குள் வைத்துச் செப்பனிட்டுப் பிறகே காட்டுகின்றன. அந்தத் தாமதம் 100 மில்லி நொடியைத் தொடுவதும் உண்டு. சீரியல் பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் எந்தப் பொத்தானையும் அழுத்துவதில்லை. அமைப்புகளுக்குள் போய் அந்த ஹெச்டிஎம்ஐ துளைக்கு மட்டும், இந்தச் செப்பனிடுதலைக் குறைக்கும் கேம் மோடைப் போட்டேன். காசு செலவில்லை, அரை நிமிட வேலை. சேறு போய்ச் சிமெண்டுத் தரை வந்தது.

கன்ட்ரோலரைக் குறை சொல்வதற்கு முன் இழுவையையும் அறுபடுதலையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். விண்டோஸ் விசையையும் ஆர் விசையையும் சேர்த்து அழுத்தி, வரும் பெட்டியில் joy.cpl என்று தட்டினால் கன்ட்ரோலர்களுக்கான சிறு சோதனைப் பக்கம் திறக்கும். அதில் குச்சியைச் சுற்றிப் பார்க்கும்போது குறி தத்தித் தாவினால் அல்லது உறைந்து நின்றால் சிக்கல் கன்ட்ரோலருக்கும் கணினிக்கும் நடுவில். குறி வழுவழுப்பாக, ஆனால் கைக்குப் பின்தங்கி நகர்ந்தால் திரையைச் சந்தேகிக்கலாம். தொடாதபோதும் குறி தானாக ஒரு பக்கம் சாய்ந்தால் அது குச்சியின் அடியில் உள்ள உணரி தேய்ந்த கதை. அதில் வயர், வயர்லெஸ் என்ற பேதமில்லை. காந்தத்தால் வேலை செய்யும் ஹால் எஃபெக்ட் குச்சிகளில் உராய்ந்து தேயும் பகுதி இல்லாததால் அந்த வகையைக் கேட்டு வாங்குவது நல்லது.

வயர் போதும் என்று நிம்மதியாக இருந்தது சரியாக நான்கு நாள். கணினிப் பெட்டி வளவில் இருக்க, வயர் பத்தியின் குறுக்கே என் நாற்காலிவரை கிடந்தது. எங்கள் வளவில் ஆத்தங்குடிக் கல் பாவியிருக்கிறது. தலைமுறைகளாகக் கால்பட்டு மெருகேறிய அந்தத் தரையில் கறுப்பு வயர் ஒன்று கிடந்தால் பூவேலைப்பாட்டோடு கலந்து கண்ணுக்கே தெரியாது. எழுபத்தெட்டு வயது அப்பத்தா இரவு தண்ணீர் குடிக்க எழுந்து இரண்டாம் கட்டுக்குப் போனபோது வயர் காலில் மாட்டியது. தூண் கைக்கு எட்டியதால் பிடித்துக்கொண்டார்கள். கன்ட்ரோலர் என் மடியிலிருந்து பறந்து தரையில் விழுந்தது, பெஞ்சின் மேலிருந்த கணினி ஒரு சாண் நகர்ந்தது. அப்பத்தா திட்டவில்லை. "ஏப்பா, ராத்திரியில வளவுல கயிறு கட்டலாமா?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன ஆகும் என்பதை எங்கள் உறவிலேயே பார்த்திருக்கிறேன். அன்றிரவு நான் தூங்கவில்லை. வேகம், மில்லி நொடி என்று வாதாடுகிறவர்கள் யாரும் நடைபாதையைப் பற்றி எழுதுவதில்லை. வயதானவர்களோ தவழும் குழந்தைகளோ நடமாடும் இடத்தின் குறுக்கே வயர் போகுமென்றால் என்னைப் பொறுத்தவரை வயர் கன்ட்ரோலர் என்ற தேர்வே அங்கே கிடையாது. மறுநாள் கணினி அறைக்குள் போனது. வயர் கன்ட்ரோலர் மேசை இழுப்பறைக்குள் போனது.

பழைய வயர்லெஸ் கன்ட்ரோலரை மறுபடியும் எடுத்தேன். இழுவை இப்போது இல்லை. அறுபடுதல் மட்டும் மிச்சம். பிள்ளையார் நோன்பு வந்தது. கார்த்திகை தீபத்திலிருந்து இருபத்தொன்றாம் நாள் இழை (மாவில் வைத்து ஏற்றிய நூல்திரி) எடுத்துக்கொள்ள, வெளியூர்களில் இருக்கும் பங்காளிகள் குடும்பத்தோடு வந்து இறங்கினார்கள். இழை எடுத்து முடிந்ததும் பிள்ளைகள் எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன் கூடிவிட்டார்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது அன்று அரை நிமிடத்துக்கு ஒரு முறை அறுந்தது. இருபது பேருக்கு நடுவில் கன்ட்ரோலரை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நான் நின்ற கோலத்தை ஒரு சித்தப்பா கைபேசியில் படம் எடுத்தார். அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானத்தில்தான் விடை இருந்தது. கல்லூரியில் மின்னணுவியல் படிக்கும் என் அம்மான் மகன் சற்று நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "அண்ணே, அறை வாசல்ல ஆள் நிக்கும்போதெல்லாம் அறுந்துபோகுது, கவனிச்சீங்களா?" என்றான்.

புளூடூத் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. மனித உடலில் பெரும்பகுதி தண்ணீர். அந்த அலைவரிசையைத் தண்ணீர் விழுங்கும். என் டாங்கிள் எங்கே இருந்தது? கணினியின் பின்பக்கத்தில், இரும்புப் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில். அந்தச் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் வைத்துக் கட்டியது. நான் அளந்து பார்த்தபோது இருபது அங்குலம் இருந்தது. சுவரின் மறுபக்கம் பாத்திரங்கள் அடுக்கிய இரும்பு அலமாரி. ஆகவே என் கன்ட்ரோலரின் குரல் அறைக்குள் நுழைவதற்கு இருந்த ஒரே வழி திறந்த கதவு. அந்தக் கதவில் ஓர் ஆள் நின்றால் அதுவும் அடைபட்டது. போதாததற்கு, டாங்கிளுக்கு ஒட்டினாற்போல் அடுத்த துளையில் என் அலுவலகக் கோப்புகளுக்கான ஹார்டு டிஸ்க் யூஎஸ்பி 3.0-இல் செருகியிருந்தது. யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சலைக் கசியவிடும் என்பதை இன்டெல் நிறுவனமே 2012-இல் ஓர் ஆவணமாக வெளியிட்டிருக்கிறது. வைஃபை ரவுட்டரும் அதே அலைவரிசையில், அதே அறையில். திருவிழாக் கூட்டத்தில், மேளத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவனிடம் தெருக்கோடியிலிருந்து ரகசியம் பேசினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ரிச்சி தெருவில் நன்றாக வேலை செய்ததன் காரணமும் அப்போது விளங்கியது. அங்கே மடிக்கணினி மேசைமேல் திறந்த வெளியில் இருந்தது.

தீர்வுக்கு ஆன செலவு 300 ரூபாய். 5 மீட்டர் யூஎஸ்பி நீட்டிப்பு வயர் ஒன்றை வாங்கி, டாங்கிளை அதன் நுனியில் செருகி, ஹெச்டிஎம்ஐ வயரோடு சேர்த்துக் கட்டி, அறைக்கு வெளியே தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் கொண்டுபோய்க் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டேன். சொல்வதற்கு எளிது, இழுப்பதற்கு எளிதாக இல்லை. நிலையும் கதவும் பர்மாத் தேக்கு. அதில் ஆணி அடிக்க வேண்டுமானால் பங்காளிகள் எல்லோரிடமும் ஒப்புதல் வாங்க வேண்டும், எனக்கு அந்தத் தைரியம் இல்லை. நிலைக்கு மேலே இருக்கும் காற்றுப்போக்கியின் கம்பிகளுக்கு நடுவே வயர்களை நுழைத்து, ஆணியே இல்லாமல் நூல்கயிற்றால் கட்டினோம். வயர் இப்போது யார் காலுக்கும் எட்டாத உயரத்தில் சுவரைக் கடக்கிறது. ஆட்கள் நடக்கும் தரைக்கு மேல் மட்டும் காற்றலை கடக்கிறது. ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன், ஹார்டு டிஸ்க்கை முன்பக்கத் துளைக்கு மாற்றினேன். பொங்கலுக்கு அதே கூட்டம் வந்தது, அதே வாசலில் நின்றது. இரண்டு மணி நேர ஆட்டத்தில் ஒரு முறைகூட அறவில்லை.

பேட்டரி பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வயர்லெஸ் வாங்கியவர் அதோடு குடித்தனம் நடத்த வேண்டியிருக்கும். என் கன்ட்ரோலர் இரண்டு டபுள் ஏ செல்களில் ஓடுவது. முதலில் கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் செல்களைப் போட்டேன், பிறகு மறுபடி சார்ஜ் செய்யக்கூடிய நிக்கல் வகைச் செல்கள் நான்கும் சார்ஜரும் 1,200 ரூபாய்க்கு வாங்கினேன். இரண்டு கன்ட்ரோலரில், இரண்டு சார்ஜரில். அல்கலைன் செல்லைச் சார்ஜரில் போடக் கூடாது. மாதக்கணக்கில் கன்ட்ரோலரைத் தொடப்போவதில்லை என்றால் உள்ளேயும் விடக் கூடாது, கசிந்து தகடுகளை அரித்துவிடும். உள்ளேயே லித்தியம் பேட்டரி பொருத்திய கன்ட்ரோலர்களும் உண்டு. என் அம்மான் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மின்வேதியியல்தான் அவர் வாழ்க்கை. அவரிடம் கேட்டபோது சொன்னது இது: லித்தியத்துக்கு வெயில் ஆகாது, முழுதாக நிரம்பி நாள்கணக்கில் கிடப்பதும் ஆகாது, அடியோடு தீர்ந்து மாதக்கணக்கில் கிடப்பது எல்லாவற்றையும்விட மோசம். ஊருக்குப் போகும்போது பாதி அளவில் வைத்துவிட்டுப் போவது நல்லது. சித்திரை வெயிலில் முகப்புத் திண்ணையில் கன்ட்ரோலரை வைத்துவிட்டு மறந்துபோகும் எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இழுப்பறைக்குள் போன வயர் கன்ட்ரோலரும் வீண் போகவில்லை. அலுவலக வேலை முடிந்து மேசையிலேயே, திரைக்கு இரண்டடி தூரத்தில் உட்கார்ந்து சண்டை விளையாட்டு ஆடும்போது அதைத்தான் எடுக்கிறேன். அங்கே 3 மீட்டர் வயர் தாராளம், யார் காலிலும் மாட்டாது, பேட்டரிக் கவலை இல்லை. ஹெட்ஃபோனையும் அதிலேயே செருகிக்கொள்ளலாம். வயர்லெஸ் கன்ட்ரோலரில் ஹெட்ஃபோன் துளை இருந்தாலும் புளூடூத்தில் இணைத்திருக்கும்போது அதில் ஒலி வராது என்பது வாங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது. புளூடூத் ஹெட்ஃபோனை அதே டாங்கிளில் சேர்த்து இணைத்தபோது ஒலியும் விக்கியது, ஆட்டமும் விக்கியது. ஒரே சின்ன டாங்கிளுக்கு இரண்டு சுமை தாங்கவில்லை. பிளேஸ்டேஷன் 5-இன் டூயல்சென்ஸ் வகை கன்ட்ரோலர்களில் விசைகள் இறுகித் தளரும் வித்தையும் பல கணினி விளையாட்டுகளில் வயரில் இணைத்தால்தான் கிடைக்கிறது. என்னைப் போல இரண்டு வாங்க வேண்டியதில்லை. கழற்றி மாட்டக்கூடிய யூஎஸ்பி சி வயரோடு, தேவைப்பட்டால் வயரிலும் ஆடக்கூடிய ஒரு வயர்லெஸ் கன்ட்ரோலர் இரண்டு வேலையையும் பார்க்கும். அப்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சார்ஜருக்கென்று கொடுக்கப்படும் சில வயர்களில் மின்சாரத்துக்கான கம்பிகள் மட்டுமே இருக்கும், தகவலுக்கானவை இருக்காது. அதைச் செருகினால் பேட்டரி ஏறும், விளையாட்டு நகராது.

11,750 ரூபாயில் உருப்படாமல் போனது முதல் கன்ட்ரோலரின் 1,150, சென்னைப் பயணத்தின் 900, பத்து மீட்டர் வயரின் 350, ஆக 2,400 ரூபாய். வயர் கன்ட்ரோலரின் 1,900-ஐத் தவறான காரணத்துக்காகச் செலவழித்தேன் என்றாலும் அது கையில் இருக்கிறது. விடுப்பு நாளுக்கும், தூங்காத அந்த இரவுக்கும் கணக்கு எழுதத் தெரியவில்லை. பத்து மீட்டர் வயரைத் தூக்கிப் போடலாம் என்று இருந்தேன். அப்பத்தா அதை வாங்கி, இரண்டாம் கட்டு முற்றத்தில் இரண்டு தூண்களுக்கு நடுவே, தலைக்கு மேலே உயர்த்திக் கட்டித் துணி உலர்த்துகிறார்கள்.